ஒரு சுற்றுக்கூடச் சுற்றாத பேரிங்

எங்கள் மில்லில் இப்போது மெயின்டனன்ஸ் பார்க்கிற பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகம் தயார் செய்கிறார்கள். ஓய்வு பெற்றுப் போனவர்கள் ஆளுக்கொரு விஷயம் எழுதித் தர வேண்டுமாம். எனக்கு ‘பேரிங் மாற்றும் முறை’ என்று ஒதுக்கிவிட்டார்கள். சிங்காநல்லூரில் அந்த ஒரே மில்லில் முப்பத்து மூன்று வருடம் அதைத்தான் செய்தேன் என்பதால் தட்ட முடியவில்லை. ஆனால் உட்கார்ந்து யோசித்தால், மில்லுக்குள் நான் மாற்றிய பேரிங்குகளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. அவை சுற்றின, தேய்ந்தன, மாற்றினேன். சொல்ல வேண்டியது என் வீட்டு வாசலில் ஒரு சைக்கிளுக்கு மாற்றிய இரண்டே இரண்டு பேரிங்கைப் பற்றித்தான். அதில்தான் வசமாக மாட்டிக்கொண்டேன். பிள்ளைகள் விரும்பினால் நோட்டில் சேர்க்கட்டும், இல்லையென்றால் கிழித்துப் போடட்டும். எனக்கு வருத்தமில்லை.

ஐ.டி.ஐ. முடித்து மில்லுக்குள் நுழைந்த முதல் இரண்டு வருடம் துடைத்தேன், மண்ணெண்ணெயில் சாமான் கழுவினேன், மற்றவர்கள் ஏறுவதற்கு ஏணி பிடித்தேன். மூன்றாவது வருடம் காதர் மேஸ்திரியிடம் விட்டார்கள். என் தொழில் அங்கேதான் ஆரம்பித்தது.

காதர் மேஸ்திரி கோட்டைமேட்டுக்காரர். ஒல்லி. நாள் முழுக்க கிரீஸில் கை வைக்கிற மனிதருக்கு நகம் மட்டும் பளிச்சென்று இருக்கும். எப்படி என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவர் வைத்திருப்பார். ஓடுகிற மெஷினின் மேல் அதன் முனையை வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். கேட்டுவிட்டு, “இன்னும் ஒரு வாரம் வரும் கண்ணு” என்பார். ஒரு வாரம்தான் வரும்.

கொங்கு நாட்டில் ‘ங்க’ போடாமல் எங்களுக்குப் பேச வராது. வாசலில் படுத்திருக்கிற நாயைக்கூட ‘அங்குட்டுப் போங்க’ என்று விரட்டுகிற ஊர் இது. மேஸ்திரியின் கணக்கு மட்டும் தலைகீழ். வேலை ஒழுங்காக நடக்கிறவரை ‘கண்ணு’, ‘வா’, ‘போ’. எங்கேயாவது தப்பு நடந்தால் ‘ங்க’ முளைக்கும். ஒரு ‘ங்க’ என்றால் சின்னத் தப்பு. வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ங்க’ வந்தால், அன்றைக்கு நமக்குச் சோறு இறங்காது. சத்தம் போட்டுத் திட்டுகிற மேஸ்திரிகளிடம் வேலை செய்தவர்களைப் பார்த்து நாங்கள் பொறாமைப்பட்டதுண்டு.

என் முறை வந்தது புளோ ரூமில். பஞ்சுப் பொதியைப் பிரித்து அடிக்கிற இடம் அது. எங்கே பார்த்தாலும் பஞ்சுத் தூசி பறக்கும். அங்கே ஒரு ஃபேன் மோட்டாருக்குப் பேரிங் போட்டுவிட்டு, மேஸ்திரியிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று கிரீஸைக் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கி முழுக்க அடைத்து வைத்தேன். நிறைய வைத்தால் நிறைய நாள் வரும் என்பது என் ஞானம். இரண்டாவது ஷிஃப்டில் கருகல் வாடை வந்தது. பேரிங் கொதித்து, மேலே படிந்திருந்த பஞ்சு புகைந்துகொண்டிருந்தது. இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் புளோ ரூமே இருந்திருக்காது. மேஸ்திரி மோட்டாரை நிறுத்தி, மணல் வாளியைக் கவிழ்த்துவிட்டு, ஒரு பெஞ்சைக் காட்டினார்.

“வேலுச்சாமிங்க, கொஞ்சம் இப்படி உக்காருங்க. தண்ணி குடிச்சீங்களா? சுத்தற சாமானுக்கு கிரீஸ் மூணுல ஒரு பங்குதானுங்க. மீதி ரெண்டு பங்கு காத்துக்கு விடோணுமுங்க. பஸ்ஸுல நெருக்கி நின்னா உங்களுக்குப் புழுங்குதல்லங்க? அதுக்கும் புழுங்குமுங்க.”

எண்ணிப் பார்த்தேன், ஆறு வாக்கியத்தில் எட்டு ‘ங்க’. அன்றிலிருந்து ‘மூணுல ஒரு பங்கு’ என்பது எனக்கு வேத வாக்கு. எனக்குக் கீழே வந்தவர்களுக்கும் அதையே சொன்னேன், மீறியவர்களைக் கடித்துக் குதறினேன். அவர் சொன்ன வாக்கியத்தின் முதல் வார்த்தையை மட்டும் எங்கேயோ தொலைத்துவிட்டேன். அது தெரிய இருபது வருடமாயிற்று.

என் மனைவி சரோஜாவுக்குக் கிணத்துக்கடவு. அவளுக்கு ஒரே தம்பி, நடராசு. சின்ன வயதிலேயே வால்பாறை ஏறி, ஒரு டீ எஸ்டேட்டில் இலை லாரிக்கு லோடு ஏற்றுகிற வேலையில் சேர்ந்தான். ஒரு மழைக்காலத்தில் மூட்டையோடு லாரியிலிருந்து மல்லாக்க விழுந்து இடுப்பு எலும்பு நகர்ந்துவிட்டது. மூன்று மாதம் படுக்கை. எழுந்தவனுக்கு எஸ்டேட்டில் தபால் பை கொடுத்தார்கள். காலையில் எஸ்டேட் ஆபீஸ் கடிதங்களை டவுன் தபாலாபீசில் சேர்த்துவிட்டு, வந்திருக்கிறதை வாங்கிக்கொண்டு பதினோரு மணிக்குள் துரையின் மேஜையில் வைக்க வேண்டும். மேனேஜர் யாராக இருந்தாலும் அங்கே துரைதான். போக ஆறு மைல், வர ஆறு மைல். கல்லும் குழியுமான எஸ்டேட் பாதை.

சாதாரண சைக்கிளில் ஒரு குழி விழுந்தால் அவனுக்கு உச்சந்தலை வரை இடிக்கும். சாயங்காலம் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவான். அந்தச் சமயத்தில்தான், காட்டுக் குரங்குகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்து எஸ்டேட் பங்களாவில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர், ஊர் திரும்பும்போது தன் மலை சைக்கிளை நடராசுவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். வருடம் முழுக்க அவருக்குக் கடிதம் கொண்டுவந்து கொடுத்தவன் இவன்தானே. அந்த சைக்கிளில் பின் சக்கரத்தைத் தாங்குகிற கம்பி தனியாக இருக்கும். மிதிபலகைக்குப் பின்னால் ஒரு கீலில் மாட்டி, மேலும் கீழும் ஆடும். அதற்கு மேல் பருமனான ஒரு ஸ்பிரிங். குழியில் இறங்கினால் சக்கரம்தான் குதிக்கும், உட்கார்ந்திருப்பவன் குதிக்கமாட்டான். தொண்ணூறுகளின் பின்பாதியில் அப்படியொரு வண்டியை வால்பாறையில் யாரும் பார்த்ததில்லை. நடராசுவுக்கு அது வண்டியில்லை, இரண்டாவது இடுப்பு.

இரண்டு மழைக்காலம் ஓடியது. மூன்றாவது வருடம் சித்திரையில் பின் சக்கரம் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்துவிட்டது. பொள்ளாச்சியில் ஒரு சைக்கிள் கடைக்காரர், இதற்கெல்லாம் சாமான் கிடையாது என்று கைவிரித்தார். பக்கத்தில் வெல்டிங் பட்டறைக்காரர் மட்டும் தைரியமாக, “கீலை ஒட்டவெச்சுடலாமுங்க, அப்பறம் ஆடவே ஆடாதுங்க” என்றாராம். அது ஆடுவதற்காகத்தானே வண்டி? நடராசு சைக்கிளைப் பஸ் மேலே கட்டிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினான்.

“ஏனுங்க மச்சான், பாக்க முடியுங்களா? தொந்தரவுன்னா வேண்டாமுங்க.”

“தொந்தரவென்ன, வை” என்றேன். உள்ளுக்குள் எனக்குக் குஷி. இருபது வருடமாக மில்லுக்குள்ளேயே பேரிங் பார்த்தவனுக்கு வெளிநாட்டு வண்டி ஒன்று வாசலுக்கே வந்தால் விடுவேனா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். செயினைக் கழற்றி, பின் சக்கரத்தை எடுத்து, ஸ்பிரிங்கின் கீழ் போல்ட்டை விடுவித்ததும் பின் கம்பி தொங்கியது. கீலின் நடுவே ஓடுகிற ஷாஃப்ட்டை அறுகோண ஆலன் சாவி போட்டுக் கழற்றி உருவினேன். இரண்டு பக்கமும் ஃப்ரேமுக்குள் பதிந்து ஆளுக்கொரு பேரிங். துடைத்து நம்பரைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நூல் நூற்கிற ரிங் ஃப்ரேமில் டேப்பை இழுத்துப் பிடிக்கிற ஜாக்கி புல்லிக்கு நாங்கள் தினம் போடுகிற அதே நம்பர், 6001.

“சரோஜா, இங்க வந்து பாரு. சீமைச் சைக்கிள் வயித்துக்குள்ள நம்ம மில்லு பேரிங்கு!”

“அந்தக் கிரீஸ் கையோட என்ற இட்லிப் பானையத் தொடாதீங்க” என்பதுதான் அவளிடமிருந்து வந்த பதில். ஆனால் எனக்கு அந்தப் பானைதான் தேவைப்பட்டது. ஃப்ரேம் அலுமினியம். சூடு பட்டால் அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரியும். பானையில் வெந்நீர் கொதிக்கவைத்து, கீல் இருக்கிற இடத்தில் பழந்துணியைச் சுற்றி மேலே ஊற்றி ஊற்றி விட்டேன். பிறகு ஒரு பக்கத்திலிருந்து இரும்புக் கம்பியை நுழைத்து, இரண்டு பேரிங்குக்கும் நடுவே இருந்த குழாயை மயிரிழை ஒதுக்கி, எதிர்ப் பக்கத்து பேரிங்கின் விளிம்பில் முனையை வைத்து, சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்டினேன். ஒரே இடத்தில் தட்டினால் கோணிக்கொள்ளும். நாலு சுற்றில் இரண்டும் வெளியே வந்துவிட்டன.

அப்போதுதான் ஒன்றைப் பார்த்தேன். பேரிங் உட்காருகிற குழி, நடுக் குழாயைச் சுற்றியிருந்த இடம், பேரிங்கின் உள்ளே, எல்லா இடத்திலும் கிரீஸ் கெட்டியாக அடைத்து வைத்திருந்தது. விரல் வைக்க இடமில்லை.

“வெள்ளைக்காரனுக்கு கிரீஸ் சும்மா கெடைக்குமாட்டிருக்குது. யாரோ தொழில் தெரியாதவன் போட்டிருக்கான்” என்றேன். நடராசு மரியாதையாகத் தலையாட்டினான். மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு பொட்டு கிரீஸ் இல்லாமல் குழியைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கினேன். எப்போதோ வாங்கி வீட்டில் வைத்திருந்த இரண்டு புது பேரிங்கின் ரப்பர் மூடியை பிளேடு முனையால் தூக்கிப் பார்த்தேன். உள்ளே சரியாக மூன்றில் ஒரு பங்கு கிரீஸ். மேஸ்திரியே கூட இருந்து போட்ட மாதிரி. திருப்தியாக மூடினேன்.

ஏற்றுவதற்கும் மேஸ்திரியின் வழிதான். பழைய பேரிங்கின் வெளி வளையத்தை எமரிக் கல்லில் ஒரு மயிரிழை தேய்த்துச் சின்னதாக்கி, அதையே தள்ளுகிற வளையமாக வைத்துக்கொள்வது. ஃப்ரேமில் இறுக்கமாக உட்காருவது வெளி வளையம். அதைத்தான் தள்ள வேண்டும். உள் வளையத்தில் தள்ளினால் குண்டுகள் நசுங்கும். ஒரு நீள போல்ட்டை நடுவில் விட்டு, இரண்டு பக்கமும் வாஷர் போட்டு, நட்டைக் கால் சுற்றாக முடுக்கினேன். உட்கார்ந்ததும் ஸ்பேனரின் சத்தம் மாறியது. சாயங்காலம் நாலு மணிக்கு முடிந்தபோது நான் மதியச் சோறு சாப்பிடவில்லை என்பதே நினைவில்லை. நடராசு தெருவில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, “புது வண்டியாட்ட இருக்குதுங்க மச்சான்” என்றான். அவன் முகத்தைப் பார்த்து எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு மாதத்துக்கு இரண்டு கார்டு போடுவான். தபால் கொண்டுபோகிறவன்தானே. “அக்கா, மச்சான் நலமா? வண்டி நல்லா ஓடுதுங்க.” ஆனியிலும் அதே. ஆடி மாதம் வந்தது. ‘வண்டி நல்லா ஓடுதுங்க. நோம்பிக்கு வர லீவு இல்லைங்க’ என்று ஒரு கார்டு. எத்தனையோ வருடமாக ஆடி நோம்பிக்கு அக்கா வீட்டில் சாப்பிடாமல் அவன் இருந்ததில்லை. சரோஜா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஏனுங்க, இதுல என்னமோ இருக்குதுங்க. போய்ப் பாத்துப்போட்டு வந்தரலாம்.”

சனிக்கிழமை இரண்டு பேரும் பலகாரத் தூக்கோடு வால்பாறை பஸ் ஏறினோம். மலைப் பாதையின் நாற்பது வளைவிலும் மழை. எஸ்டேட் கொடுத்திருந்த லைன் வீட்டை அடைந்தபோது நடராசு வந்திருக்கவில்லை. சுவரோரம் சைக்கிள் நின்றிருந்தது, உரச் சாக்கு போர்த்தி. நான் சாக்கை விலக்கிச் சீட்டை அமுக்கிப் பார்த்தேன். ஸ்பிரிங் அசையவில்லை. இன்னும் பலமாக அமுக்கினேன். கீலிலிருந்து ஒரு முனகல்தான் வந்தது.

நடராசுவின் மனைவி பொன்னி உண்மையைச் சொல்லிவிட்டாள். மழை பிடித்த மூன்றாவது வாரமே கீல் இறுகிவிட்டதாம். அதில் ஏறி உட்கார்ந்தால் கல்லில் உட்கார்ந்த மாதிரி இடிக்கிறதாம். விடிவதற்கு முன்னால் எழுந்து நடந்தே போய் நடந்தே வருகிறானாம். எவ்வளவு எட்டிப் போட்டாலும் ஆபீஸ் வந்து சேர ஒரு மணி, இரண்டு மணி ஆகிவிடுகிறது. துரை இரண்டு தடவை பொறுத்துவிட்டு, வருகிற ஒன்றாம் தேதிக்குள் பழையபடி பதினோரு மணிக்குத் தபால் வராவிட்டால் பை வேறு ஆளுக்கு, நடராசு மருந்தடிக்கிற செட்டுக்கு என்று சொல்லிவிட்டாராம். மருந்தடிப்பதென்றால் நிறைத்த டப்பாவை முதுகில் கட்டிக்கொண்டு மேடு ஏற வேண்டும். அந்த இடுப்பால் ஒரு நாள் முடியாது. வேலையில்லை என்றால் லைன் வீடும் இல்லை. ஒன்றாம் தேதிக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் நடராசு வந்தான். முழங்கால் வரை சேறு. இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நடந்து வந்தவன், என்னைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தான்.

“வாங்க மச்சான், வாக்கா. எப்ப வந்தீங்க? வண்டி நல்லா ஓடுதுங்க.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “எங்கப்பா ஓடுது? சாக்குக்குள்ளயா ஓடுது? ஒரு கார்டு போட்டிருந்தா அடுத்த பஸ்ஸுல வந்திருப்பேனல்ல? எதுக்கு இந்தப் பொய்யி?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “நாயித்துக்கெழம பூராவும் சோறுகூடத் திங்காம உக்காந்து செஞ்சு குடுத்தீங்க. அதுல போய்க் குத்தஞ் சொன்னா நல்லாவா இருக்கும்? மழையில ஓட்டுனது என்ற தப்புன்னு விட்டுட்டனுங்க.”

என் மனம் நோகக் கூடாது என்று ஒரு மனிதன் உடைந்த இடுப்போடு தினம் பன்னிரண்டு மைல் நடந்திருக்கிறான். வீடு பறிபோகிற நிலையிலும் சொல்லவில்லை. எங்கள் ஊர் மரியாதையை நினைத்து எனக்கு முதல் முறையாகப் பயம் வந்தது.

மறுநாள் ஞாயிறு. காலையில் கீலைக் கழற்றினோம். உள்ளேயிருந்து செம்பழுப்பாகத் தண்ணீர் வடிந்தது. ஒரு பேரிங் துருப்பிடித்து அப்படியே உறைந்திருந்தது. இன்னொன்று கையில் எடுத்ததும் குண்டு குண்டாக உதிர்ந்தது. உடைந்ததன் வளையத்தைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். குண்டு ஓடுகிற பள்ளம் முழுக்கத் தேய்ந்திருக்க வேண்டும். ஆனால் அங்கங்கே பொட்டுப் பொட்டாகத்தான் குழி. நடுவில் எல்லாம் புதுசு மாதிரி. இரண்டரை மாதத்தில் அந்தப் பேரிங் ஒரு முழுச் சுற்றுக்கூடச் சுற்றியதில்லை. முன்னும் பின்னும் ஒரு விரற்கடை ஆடியதோடு சரி. ஏதோ பெரிதாகத் தப்பு செய்திருக்கிறேன் என்று தெரிந்தது, என்ன என்று முழுசாகப் பிடிபடவில்லை.

சரோஜாவை அங்கேயே விட்டுவிட்டுப் பத்து மணி பஸ்ஸில் கோயம்புத்தூர் இறங்கினேன். ஞாயிறு, கடைகள் இல்லை. நேராகக் கோட்டைமேட்டுக்குப் போனேன். மேஸ்திரி ஓய்வு பெற்று நாலைந்து வருடமாகியிருந்தது. பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். “வா கண்ணு” என்றார். கெட்டுப்போன பேரிங்குகளை மடித்துவந்த பொட்டலத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்து நடந்ததைச் சொன்னேன். குழி நிறைய கிரீஸ் இருந்ததையும் நான் துடைத்ததையும் மூன்றில் ஒரு பங்கையும் சொன்னேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வளையத்தைத் திருப்பிப் பார்த்தார். “இது நிமிசத்துக்கு எத்தனை சுத்து ஓடுது?”

“சுத்தாதுங்க மேஸ்திரி. ஆடும்.”

வளையத்தைக் கீழே வைத்தார். “அப்ப எதுக்குங்க எம் பேச்சைக் கேட்டீங்க? நான் என்னங்க சொன்னேன்? சுத்தற சாமானுக்குன்னு சொன்னனுங்களா இல்லீங்களா? சுத்தாதது எப்பிடிங்க சூடாகும்? அதுக்குக் காத்து எதுக்குங்க? தண்ணி உள்ள வராம இருக்கத்தானுங்க அந்தாளு கிரீஸை அடைச்சு வெச்சான். நீங்க தொடைச்சு வழி உட்டுட்டீங்க.”

எண்ணவில்லை. எண்ணுகிற நிலையில் இல்லை. நாற்பது வயது தாண்டிய ஹெட் ஃபிட்டர் நான், அவர் வீட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இருபது வருடமாக விதியைப் பிடித்துக்கொண்டு அதன் முதல் வார்த்தையை விட்டிருக்கிறேன். தொழில் தெரிந்த ஒருவன் செய்ததைப் பார்த்துத் தொழில் தெரியாதவன் என்று சிரித்திருக்கிறேன். அவர் எழுந்துபோய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து, எண்ணெய்க் காகிதம் சுற்றிய இரண்டு 6001-ஐ என் கையில் வைத்தார். காசுக்குப் பையைத் தொட்டேன். “போ கண்ணு, மொதல்ல அந்தப் புள்ளைக்கு வேலையப் பாரு” என்றார். ‘ங்க’ போய்விட்டது. அந்த நிம்மதியிலேயே பாதித் தூரம் வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் திரும்ப மலையேறினேன். பொன்னி பானையில் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். இந்த முறை பேரிங்கின் மூடியைத் திறந்து குண்டுகளுக்கு நடுவே கிரீஸை விரலால் அமுக்கி அமுக்கி அடைத்தேன். இருபது வயதில் புளோ ரூமில் செய்த அதே வேலை. கை கூசியது, நம்ப மாட்டீர்கள். குழி, குழாயைச் சுற்றிய இடம், ஷாஃப்ட், மூடிக்கு வெளியே, எங்கேயும் காற்றுக்கு இடமில்லாமல் அடைத்தேன். ஷாஃப்ட்டை முடுக்கியபோது இரண்டு பக்கமும் கிரீஸ் வளையமாகப் பிதுங்கி வந்தது. அதை நான் துடைக்கவில்லை. சீட்டை அமுக்கினேன். பின் கம்பி சத்தமில்லாமல் இறங்கி ஏறியது.

சாயங்காலம் நடராசு வந்து ஓட்டிப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். “ஒண்ணுஞ் சொல்லாதே. இனிமே நல்லா ஓடுதுன்னு எனக்கு ஒரு கார்டும் போடப்படாது. குத்தம் இருந்தா மட்டும் எழுது. நீ எழுதாம இருந்தேன்னு தெரிஞ்சா, உங்கக்கா மேல சத்தியமா இந்தப் பக்கமே வரமாட்டேன்.”

“ஆகட்டுமுங்க” என்றான்.

வீரமாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேனே தவிர, என்ன காரியம் செய்திருக்கிறேன் என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் உறைத்தது. ஒன்றாம் தேதி வந்தது, போனது. கார்டு இல்லை. ஐந்தாம் தேதி, எட்டாம் தேதி. இல்லை. அந்த வருடம் மலையில் மழை விடவேயில்லை. வண்டி நன்றாக ஓடுவதால் எழுதவில்லையா, மறுபடி இறுகி, அதைச் சொல்லக் கூசிக்கொண்டு எழுதவில்லையா? பையைப் பிடுங்கிக்கொண்டு லைன் வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்களா? எஸ்டேட் ஆபீசுக்குப் போன் செய்யலாம் என்றால், அவனைப் பற்றிக் கேட்பதே அவனுக்குக் கெடுதலாக முடியுமோ என்று பயம்.

“நல்லா ஓடுதுன்னு எழுதப்படாதுன்னு சொல்லிப்போட்டீங்க. இப்ப நான் எதை வெச்சு நெனைக்கறது?” என்று சரோஜா தினம் கேட்டாள். மில்லில் என் கை ஒரு வேலையிலும் நிற்கவில்லை.

பதின்மூன்றாம் தேதி கார்டு வந்தது. மழையில் நனைந்து மை கலங்கியிருந்தது. வாசலில் நின்றபடியே படித்தேன்.

“மச்சான் அவர்களுக்கு நடராசு எழுதிக்கொண்டது. நீங்க சொன்னபடிக்கு இத்தனை நாள் எழுதலை. இப்ப வண்டியில குத்தம் இருக்குது. மேடு ஏறும்போது வலது பக்கம் கடக் கடக்குங்குது. தபாலாபீசுல இருந்து துரை ஆபீசு வரைக்கும் தெனம் இதே சத்தம்தான். துரையே கேட்டுப்போட்டு, இதென்னப்பா நீ வர்றதுக்கு முன்னால உன்ற வண்டி சத்தம் வருதுன்னு சொன்னாரு. நீங்க அந்தப் போல்ட்டைச் சரியா முடுக்கலைன்னு நெனைக்கறனுங்க. வந்து பாத்துக் குடுக்கோணும்.”

எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. சரோஜா என் கையிலிருந்து கார்டைப் பிடுங்கிப் படித்தாள்.

“என்னங்க இது, உங்களையே குத்தஞ் சொல்லி எழுதியிருக்கான். நீங்க சிரிக்கறீங்க?”

“இன்னொருக்காப் படி. தெனம் எங்கிருந்து எங்க போறானாம்?”

படித்தாள். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து, கார்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

போல்ட்டை நான் சரியாக முடுக்கவில்லைதான். பிதுங்கிய கிரீஸில் ஆலன் சாவி வழுக்கியதால், கடைசிக் கால் சுற்றை விட்டிருக்கிறேன். அடுத்த நாளே லீவு எழுதிக் கொடுத்தேன். முப்பத்து மூன்று வருடத்தில் என் வேலையில் குற்றம் கண்டுபிடித்த யார் மீதும் எனக்கு அவ்வளவு பிரியம் வந்ததில்லை.